குளிர் என்று நான் எழுதிவைத்தது

அம்மா மண்டபம் சாலையில் நாங்கள் காபி குடிக்கும் கடைக்கு எதிரே ஒரு வேப்பமரம் இருக்கிறது. காலை ஆறேமுக்காலுக்கு அதன் கீழே மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவோம். மூன்று பேரும் ஓய்வு பெற்றவர்கள். மூன்று பேரும் வருஷத்துக்கு நாலைந்து தடவை விமானம் ஏறுகிறவர்கள். வேலையில் இருந்தவரை விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. பிள்ளைகள் வெளியே போன பிறகு, பாஸ்போர்ட்டில் பக்கம் தீர்ந்துபோய்ப் புதிது வாங்குகிறவர்களாகிவிட்டோம்.

ஒருவர் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேனாக இருந்தவர். இப்போது திருவானைக்காவலில் வீடு. மகள் மஸ்கட்டில். இன்னொருவர் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவர். மேலப்புதூரிலிருந்து ஸ்கூட்டரில் ஆற்றைத் தாண்டி வருவார். ஞாயிறன்று மட்டும் சர்ச்சில் பூசை முடிந்து தாமதமாக வருவார். மகன் சிகாகோவில். நானும் ஒர்க்‌ஷாப்தான், ஆனால் டைம் ஆபீஸ். ஆள் எத்தனை மணிக்கு உள்ளே வந்தான், எத்தனை மணிக்கு வெளியே போனான் என்று முப்பத்துநாலு வருஷம் எழுதினேன். எழுதுகிற பழக்கம் வேலையோடு போகவில்லை. ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து வீட்டில் ஒரு நீளக் கணக்கு நோட்டில் தினமும் தட்பவெப்பம் குறித்துவந்தேன். பின்பக்கப் பால்கனிச் சுவரில் ஒரு வெப்பமானி மாட்டியிருந்தேன். காலை ஆறுக்கு ஒன்று, மத்தியானம் இரண்டுக்கு ஒன்று.

எங்கள் பேச்சு முக்கால்வாசி குளிரும் வெயிலும்தான்.

"மஸ்கட்ல போன வாரம் நாப்பத்தாறுங்க" என்பார் ஃபோர்மேன். "கார் கதவைத் தொட்டா தோசைக்கல்லு. இங்கேருந்து மாவு மட்டும் கொண்டுபோனா போதும்."

"சிகாகோவுல மூச்சு விட்டா மீசையில உறையுது" என்பார் புரொபசர். "நான் மீசையை எடுத்ததே அதுக்குத்தான்."

"சார், உங்க மீசை பென்ஷனுக்கு முன்னாடியே போயிடுச்சே. டை அடிச்சுக் கட்டுப்படியாகலைன்னு நீங்களே சொன்னீங்க."

புரொபசர்தான் ஒருநாள் அந்தப் பெயரை வைத்தார். "உங்க ஸ்ரீரங்கத்துல எதுக்கும் ரெண்டு கட்சி உண்டே. குளிருக்குப் போறவன் வடகலை, வெயிலுக்குப் போறவன் தென்கலை."

"அப்ப இவரு?" என்று ஃபோர்மேன் என்னைக் காட்டினார். "இவரு சிங்கப்பூர்ல மக வீட்ல வேர்த்து ஊத்திக்கிட்டு இருக்காரு. வீட்டம்மா கனடாவுல பையன் வீட்ல உறைஞ்சுக்கிட்டு இருக்காங்க. ஒரே வீட்ல ரெண்டு கலையா? சண்டை வராது?"

"சண்டை போடணும்னா ஒரே வீட்ல இருக்கணுமேய்யா" என்றேன் நான்.

மூன்று பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். கடைக்காரர் டபராவைத் துடைத்துக்கொண்டே திரும்பிப் பார்த்தார். அது ஒரு கார்த்திகை மாதம், திங்கட்கிழமை. நான் சொன்னது நல்ல வேடிக்கை என்று அன்று எனக்குப் பெருமை. நோட்டில் 'கோஷ்டியில் நல்ல சிரிப்பு' என்று ஒரு வரிகூட எழுதியிருக்கிறேன்.

அந்த நோட்டைப் பிறகு ஒரு டாக்டரின் மேஜைமேல் விரித்து வைக்க வேண்டி வந்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த வருஷம் ஐப்பசியில் என் மனைவி கனடாவுக்குப் போனாள். மகனுக்கு இரண்டாவது குழந்தை. ஆறு மாதம் என்று பேச்சு. நான் கூடப் போகவில்லை. கைக்குழந்தை இருக்கிற வீட்டில் ஆண்பிள்ளைக்கு என்ன வேலை என்று மகனே சிரித்துக்கொண்டு சொன்னான். அதே சமயத்தில் சிங்கப்பூரில் மகளுக்கு, பேரனைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றி இறக்க ஆள் வேண்டியிருந்தது. அதற்கு நான். ஆக, எங்களைப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. இரண்டு பிள்ளைகளும் போனில் தங்களுக்குள் பேசி, தேதிகளைப் பொருத்தி, எங்களுக்கு டிக்கெட்டை அனுப்பினார்கள். நான் சிங்கப்பூரில் ஆறு வாரம், ஸ்ரீரங்கத்தில் மூன்று வாரம் என்று மாறி மாறி இருந்தேன். திருச்சி விமான நிலையத்தில் இமிக்ரேஷன் பையன் என்னைப் பார்த்ததும் "என்ன சார், வேர்க்கப் போறீங்களா?" என்று கேட்கிற அளவுக்குப் பழகிவிட்டான்.

நோட்டில் இரண்டு பத்திகள் கூடின. ஸ்ரீரங்கம், சிங்கப்பூர், கனடா. சிங்கப்பூர்க் கணக்கை நான் ஊரில் இருக்கும்போது மகள் அனுப்புவாள். கனடாக் கணக்கு மனைவியிடமிருந்து. தினமும் காலை ஏழரைக்கு, அவளுக்கு அங்கே முந்தின நாள் சாயங்காலம், பேசுவோம். நான் முதலில் கேட்பது அதுதான்.

"இன்னிக்கு எவ்வளவு?"

"மைனஸ் பதினெட்டாம். ஜன்னல்ல கோலம் போட்ட மாதிரி ஐஸ்."

"இங்க இருபத்திமூணு. நம்ம ஃபோர்மேன் மஃப்ளர் கட்டிண்டு வந்துட்டார்."

"அவரா? இருபத்திமூணுக்கா?" அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் எனக்கு அன்றைய வேலை முடிந்துபோகும். பல்லாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிற ஒருத்தியிடம் கணவன் பேச வேண்டியதைப் பேசியாகிவிட்டது.

மார்கழி ஒன்பது, புதன். இல்லை, வியாழன். நோட்டைப் பார்த்துவிட்டேன். கனடாப் பத்தியில் −22 என்று எழுதி, பக்கத்தில் பென்சிலில் 'கை விரல் மரப்பு' என்று குறித்திருக்கிறேன். அன்று அவள் சொன்னது இது:

"விரல் நுனியெல்லாம் மரத்துப் போறதுன்னா. ரெண்டு கையிலயும்."

"குளிர்டி. கையுறை போட்டுக்கோ."

"வீட்டுக்குள்ளதான் இருக்கேன். ஹீட்டர் ஓடறது."

"எலும்புக்குள்ள போயிடும் குளிர். ஹீட்டர் போட்டாலும் அது வெளியே வர நாளாகும்."

இதை எந்த அதிகாரத்தில் சொன்னேன்? எனக்கு மருத்துவம் தெரியாது. தெரிந்தது துருவப் பயணிகளின் நாட்குறிப்புகள். பொன்மலையில் இருந்த காலத்தில் நூலகத்திலிருந்து எடுத்து எடுத்துப் படித்தவை. அவற்றில் ஒவ்வொரு நாளும் வெப்பநிலையில்தான் தொடங்கும். விரல் மரத்தது, மூக்கு கறுத்தது எல்லாம் அதற்குக் கீழே ஒரு வரி. கடைசி நாட்களில் ஆட்கள் ஒவ்வொருவராக விழுந்துகொண்டிருப்பார்கள். மேலே வெப்பநிலை மட்டும் தவறாமல் இருக்கும். அந்த ஒழுங்கை நான் வியந்து படித்தவன். நோட்டுப் போடுகிற ஆசையே எனக்கு அங்கிருந்துதான் வந்தது.

மறுநாள் வேப்பமரத்தடியில் இதைச் சொன்னேன். "வீட்டம்மாவுக்கு விரலெல்லாம் ஃப்ரீசர்ல வச்ச வெண்டைக்காய் ஆயிடுத்தாம்." ஃபோர்மேன் தொடையில் தட்டிச் சிரித்தார். "சாம்பாருக்கு ஆகுமான்னு கேளுங்க சார்."

அவளிடமும் அதைச் சொன்னேன். அவளும் சிரித்தாள்.

தை மாதத்தில் நோட்டு இப்படிப் போகிறது. −24, 'கோட்டுப் பட்டன் போட வரவில்லை. மருமகள் போட்டுவிட்டாளாம்.' −19, 'டம்ளர் நழுவி உடைந்தது.' −26, 'பென்குயின் நடை.' இந்தக் கடைசிக்கு விளக்கம் வேண்டும். அங்கே பனி உறைந்த நடைபாதையில் வழுக்காமலிருக்கக் காலை அகட்டி, சின்னச் சின்னதாக எட்டு வைத்து நடக்கச் சொல்லிக்கொடுப்பார்களாம், பென்குயின் மாதிரி. அவள் அப்படி நடப்பதை மகன் வீடியோ எடுத்து அனுப்பினான். குடும்பக் குழுவில் எல்லோரும் சிரிக்கிற முகங்களாகப் போட்டோம். நான் அதை கோஷ்டிக்கும் காட்டினேன்.

அதே வீடியோவைப் பிறகு நான் பல தடவை பார்த்திருக்கிறேன். மகனின் வீட்டு வாசலில் பனியை வழித்து, உப்பு தூவி, காய்ந்த சிமெண்ட் தெரிகிறது. அவள் அந்தச் சிமெண்டின்மேல்தான் நடக்கிறாள்.

மாசி மாதக் கடைசியில் அவள் கேட்டாள்.

"பங்குனி உத்திரத்துக்கு வந்துடறேன்னா. ஆறு மாசமும் முடியறது. சேர்த்தி சேவிக்கணும்."

வெளியூர்க்காரர்களுக்காக: ஸ்ரீரங்கத்தில் பெருமாளும் தாயாரும் தனித்தனிச் சந்நிதியில் இருப்பவர்கள். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் இருவரும் ஒன்றாக எழுந்தருளியிருப்பார்கள். அதுதான் சேர்த்தி. கல்யாணமான வருஷத்திலிருந்து நாங்கள் இருவரும் சேர்ந்தே போய்ச் சேவித்துவந்தோம். அவள் இதைக் கேட்பதற்கு முந்தைய இரண்டு வருஷம் மட்டும் யாராவது ஒருவர் ஊரில் இல்லை.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? வா என்று சொல்லியிருக்க வேண்டும். செய்தது வேறு. நோட்டை எடுத்தேன். நாலு வருஷத்துப் பங்குனி, சித்திரை வெயிலைக் கூட்டிப் பார்த்து அவளுக்கு வாசித்தேன். மைனஸ் பத்திலிருந்து கிளம்பி நாற்பதில் வந்து இறங்கினால் உடம்பு தாங்காது, ஐம்பது டிகிரி வித்தியாசம், அந்த வயசில் ரத்தக் குழாய் என்னத்துக்கு ஆகும் என்றெல்லாம் சொன்னேன். அங்கேயே கோடை வரட்டும், உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக வெப்பத்துக்குப் பழகட்டும், காற்று அடிக்கத் தொடங்கி ஆற்றில் தண்ணீர் வந்ததும் ஆனிக் கடைசியில் வா என்றேன். விசாவை நீட்டிக்க மகனிடம் நானே பேசினேன். அவன் உடனே "சூப்பர்ப்பா" என்றான்.

சொல்லாதது ஒன்று உண்டு. பங்குனி உத்திரத்தன்று நான் ஸ்ரீரங்கத்தில் இருக்கப் போவதில்லை. மகளுக்கு அந்த மாதம் அலுவலக வேலையாக வெளிநாடு போக வேண்டியிருந்தது. என் டிக்கெட் ஏற்கெனவே வந்துவிட்டது. மகளிடம் முடியாது என்று சொல்வதைவிட மனைவியிடம் வெயில் என்று சொல்வது எனக்குச் சுலபமாக இருந்தது.

அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "சரி. நீங்க எல்லாம் எழுதி வச்சிருப்பேள். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். அது குத்தலா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஆனிக் கடைசி வெள்ளியன்று அவள் மூன்று விமானம் மாறித் திருச்சியில் இறங்கினாள். நான் நாலு நாள் முன்பே வந்திருந்தேன். வெளியே வரும் கதவருகே நின்றேன். டிராலியைப் பிடித்துக்கொண்டு காலை அகட்டி, சின்னச் சின்னதாக எட்டு வைத்து வந்தாள்.

"இங்க ஐஸ் இல்லடி. சாதாரணமா நட" என்றேன்.

"பழகிடுத்து போலிருக்கு" என்றாள்.

அவளைக் காரில் ஏற்றியபோது முப்பத்தேழு டிகிரி. அவள் இரண்டு கைகளையும் மடியில் வைத்து ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டே வந்தாள். காவிரிப் பாலத்தில் காற்று முகத்தில் அடித்தது. "தண்ணி வந்துடுத்தே" என்றாள். நோட்டில் அன்று எழுதியது: 'மனைவி வரவு. 37. இன்னும் குளிர் போகவில்லை.'

இரண்டு நாள் கழித்து வேப்பமரத்தடிக்கு அழைத்துப்போனேன். அவளுக்குக் கும்பகோணம் டிகிரி காபியைவிட அந்தக் கடைக் காபிதான் பிடிக்கும். டபராவை இரண்டு உள்ளங்கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு குடித்தாள்.

"என்னங்கம்மா, இன்னும் குளிருதா?" என்றார் ஃபோர்மேன். "ஹேண்ட் லக்கேஜ்ல கொண்டாந்துட்டீங்களா?"

"கஸ்டம்ஸ்ல பிடிக்கலையா?" என்றார் புரொபசர்.

"டிக்ளேர் பண்ணினேன். போகட்டும்னு விட்டுட்டா" என்றாள் அவள். எல்லோரும் சிரித்தோம். அவள் எப்போதும் அப்படித்தான். கேலி பண்ணுகிறவர்களை வெறுங்கையோடு அனுப்பமாட்டாள். அதனால்தான் நாங்கள் ஓயாமல் கேலி பண்ணினோம்.

ஆனால் புரொபசர் மட்டும் கிளம்பும்போது ஸ்கூட்டர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் நின்றார். "சார், வந்து ரெண்டு நாளாச்சு. இந்த வெயில்லயும் மரத்துப் போகுதுன்னா யாரையாவது பார்த்துடுங்க" என்றார். "பார்க்கலாம், ஆடி பதினெட்டு போகட்டும்" என்றேன். ஆடியில் புதிதாக எதையும் தொடங்குவதில்லை என்று ஒரு பழக்கம். அது கல்யாணத்துக்கும் வீடு மாறுவதற்கும் உள்ளது. டாக்டரைப் பார்ப்பதற்கும் அதை நீட்டியவன் நான்.

ஆடி பதினெட்டுக் காலையில் அம்மா மண்டபம் படித்துறைக்குப் போனோம். ஆற்றில் நல்ல தண்ணீர். நெருக்கியடிக்கிற கூட்டம். மஞ்சள், காதோலைக் கருகமணி, விளக்கு என்று படி முழுக்கப் பெண்கள். அவள் நாலாவது படியில் காலை வைத்தாள். வைத்தாள் என்று நினைத்தாள். படி அங்கே இல்லை, இரண்டு விரற்கடை கீழே இருந்தது. காலுக்கு அது தெரியவில்லை. அப்படியே உட்கார்ந்த மேனிக்குச் சரிந்து, மூன்று படி இறங்கி, தண்ணீருக்குள் இடுப்பளவில் நின்றாள். பக்கத்தில் நின்ற பெண்கள் பிடித்துக்கொண்டார்கள்.

"பார்த்து வரக்கூடாதாம்மா?" என்றாள் ஒருத்தி.

"பார்த்துண்டுதாம்மா வந்தேன்" என்றாள் இவள். "பார்க்காட்டா கால் இருக்கறதே தெரியலை."

நான் அதைக் கேட்டேன். தண்ணீர்ச் சத்தம், கூட்டத்தின் சத்தம் எல்லாவற்றுக்கும் நடுவே அந்த ஒரு வாக்கியம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. எட்டு மாதமாக ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அதில் ஒன்று முதல் தடவையாக என் காதில் விழுந்தது.

தில்லைநகரில் நரம்பு டாக்டர். சின்ன வயதுக்காரர். அவளை நிற்கவைத்து, கண்ணை மூடச் சொல்லி, விரல்களை மடக்கி நீட்டச் சொல்லி, ஒரு ரப்பர் சுத்தியால் முட்டியைத் தட்டிப் பார்த்தார். கழுத்தை ஸ்கேன் எடுத்து வரச் சொன்னார். படத்தை வெளிச்சத்தில் மாட்டி, பென்சிலால் காட்டினார். கழுத்தெலும்புகளுக்கு நடுவே தண்டுவடம் போகிற வழி ஓரிடத்தில் நசுங்கியிருந்தது. கதவிடுக்கில் மாட்டின நூல் மாதிரி இருந்தது.

"எப்பலேருந்து இருக்குங்க இது?"

இதைச் சொல்ல எனக்குக் கூசுகிறது. ஆனால் நடந்தது நடந்தபடி எழுத வேண்டும். அவர் அப்படிக் கேட்டதும் எனக்குள் முதலில் எழுந்தது ஒரு மகிழ்ச்சி. முப்பத்துநாலு வருஷம் டைம் ஆபீசில் இருந்தவனிடம் தேதி கேட்கிறார்கள். ஸ்கேன் பையோடு நோட்டையும் கொண்டுபோயிருந்தேன். "எல்லாம் இருக்கு டாக்டர், தேதியோட" என்று அவர் மேஜைமேல் விரித்தேன்.

மார்கழி ஒன்பதிலிருந்து விரலை ஓட்டிக்கொண்டு வந்தார். பட்டன், டம்ளர், பென்குயின். ஒவ்வொன்றிலும் விரல் கொஞ்சம் நின்று நகர்ந்தது. பங்குனி, சித்திரை. வைகாசியில் ஒரு வரியில் நின்றுவிட்டது. கனடாப் பத்தியில் +19 என்று இருந்தது. பக்கத்தில் என் கையெழுத்தில், 'கை மரப்பு உண்டு. காலிலும்.'

"பத்தொன்பதுன்னா, அங்க நல்ல வெயில் இல்லீங்களா?"

"ஆமா."

"அப்பவும் குளிர்னு நினைச்சீங்களா?"

 எண்களை நான் எப்போதும் மேலிருந்து கீழாகத்தான் படித்துவந்தேன். ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்தேன். பத்தியிலிருந்து பக்கத்து வரிக்குக் கண்ணை ஓட்டியதே இல்லை. எழுதினால் போதும் என்று இருந்தேன். எழுதியவனே படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

"இதெல்லாம் எதுக்காக எழுதினீங்க?" டாக்டர் கேட்டார். கோபமில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"வெதர்" என்றேன்.

மனைவி பக்கத்து நாற்காலியில் இருந்தாள். அவள் நோட்டைப் பார்க்கவில்லை, சுவரிலிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அறுவை சிகிச்சை ஆவணி முதல் வாரத்தில் நடந்தது. அது இனி மோசமாகாமல் நிறுத்துவதற்குத்தான் என்று டாக்டர் முன்பே சொல்லிவிட்டார். போனது எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாது, பனிக்காலத்திலேயே வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றார். நான் அவரிடம் மறுபடி கேட்கவில்லை. அவள் கேட்டாள். "கொஞ்சமாவது வருமா டாக்டர்?" "பார்ப்போம்மா" என்றார். வந்தது கொஞ்சம்தான். வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் சேர்கின்றன. ஒரு பூவை எடுக்கலாம், தலையில் வைத்துக்கொள்ள முடியாது. டம்ளரை இரண்டு உள்ளங்கையால்தான் பிடிக்கிறாள். வாக்கரை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறாள். நாங்கள் இருப்பது அடையவளஞ்சான் தெருவில் ஒரு குடியிருப்பின் முதல் மாடி. லிஃப்ட் கிடையாது. பதினெட்டுப் படி.

இப்போது நாங்கள் விமானம் ஏறுவதில்லை. வருஷத்தின் எல்லா நாளும் ஒரே வீட்டில் இருக்கிறோம். அன்று கார்த்திகையில் சொன்ன வேடிக்கைக்கு இப்படிப் பலன் கிடைத்தது. சண்டை மட்டும் வரவில்லை. அவள் ஒரு தடவை கத்தினால்கூட எனக்குக் கொஞ்சம் நன்றாக இருக்கும். கத்தமாட்டேன் என்கிறாள்.

மகன் புரட்டாசியில் பத்து நாள் வந்துவிட்டுப் போனான். மகள் மார்கழியில் வந்தாள், பள்ளி விடுமுறை, நாலு நாள். இருவரும் அழுதார்கள். அது பொய்யில்லை. போனில் பேசும்போது மகன் சொன்னான்: "கோடைல வரணும்னுதான் பார்க்கறேன்ப்பா, குழந்தைக்கு அந்த வெயில் தாங்காது. டிசம்பர்ல கட்டாயம்." நான் சரி என்றேன். வெயிலைக் காரணம் காட்டுவது எப்படி என்று அவனுக்கு யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

வேப்பமரத்தடிக்கு வாரத்தில் ஒருநாள் போகிறேன். அவர்கள் இப்போது என் முன்னால் குளிர், வெயில் பேசுவதில்லை. முழங்கால் வலி பேசுகிறார்கள், அரசியல் பேசுகிறார்கள். நடுவே ஃபோர்மேன் மஸ்கட் என்று தொடங்கிவிட்டு நிறுத்திக்கொள்கிறார். அந்த நிறுத்தத்தைக் கேட்கச் சகிக்காமல்தான் தினமும் போவதை விட்டேன்.

இந்த வருஷம் பங்குனி உத்திரம். மூன்று வருஷத்துக்குப் பிறகு நாங்கள் இருவரும் ஊரில் இருந்த முதல் சேர்த்தி. முதல் நாளே ஃபோர்மேன் போன் பண்ணினார். நாங்கள் நாலு பேர் சேர்ந்து நாற்காலியோடு தூக்கி இறக்கிவிடுகிறோம், கோயிலில் சக்கர நாற்காலிக்குச் சொல்லிவைத்திருக்கிறேன் என்றார். மனைவியிடம் சொன்னேன்.

"அந்தக் கூட்டத்துலயா?" என்றாள். "வேண்டாம்னா. நீங்க போய்ச் சேவிச்சுட்டு வாங்கோ."

"நான் மட்டும் போய் என்னத்துக்கு?"

"போன ரெண்டு மூணு வருஷமா அப்படித்தானே போச்சு."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் போகவில்லை. மத்தியானம் கீழே தெருவில் சேர்த்திக்குப் போகிற ஜனங்களின் சத்தம் ஓயாமல் கேட்டது. மின்விசிறி சுடுகாற்றைச் சுற்றிக்கொண்டிருந்தது. பால்கனி வெப்பமானியை நான் கழற்றவில்லை. ஆனால் பார்ப்பதில்லை. நோட்டு ஆடி பதினெட்டோடு நின்றுவிட்டது.

சாயங்காலம் மகன் வீடியோவில் வந்தான். அங்கே விடியல். காருக்கு மேலிருந்த பனியை வழித்துவிட்டு அப்போதுதான் உள்ளே வந்திருந்தான். மூக்கு சிவந்திருந்தது.

"அம்மா, சேர்த்தி சேவிச்சாச்சா? அப்பா, அங்க எவ்வளவு? நாப்பது தொட்டாச்சா? இங்க பங்குனியாவது ஒண்ணாவது, இன்னும் மைனஸ் எட்டு. கை விரலெல்லாம் மரத்துப் போச்சு பாரு." கையைத் திரைக்கு முன்னால் நீட்டி ஆட்டிக் காட்டினான்.

"எந்த விரல்?" என்றேன்.

"என்னப்பா?"

"எந்த விரல்? ஒரு கையா, ரெண்டு கையிலயுமா? எத்தனை நாளா?"

அவன் சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். "அப்பா, குளிர்ப்பா. கிளவுஸ் போட மறந்துட்டேன். அவ்வளவுதான்."

"உள்ள வந்து எவ்வளவு நேரமாச்சு? இன்னும் மரத்துத்தான் இருக்கா? சட்டைப் பட்டன் போட்டுக் காட்டு."

"அப்பா..."

"போட்டுக் காட்டுடா."

மனைவி பக்கத்தில் இருந்தாள். இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே காபி டம்ளர் இருந்தது. அதைக் கவனமாகப் பார்த்துக்கொண்டே கீழே வைத்தாள். பார்க்காவிட்டால் மேஜை எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரியாது.

"அவனை விடுங்கோ" என்றாள். "அவனுக்கு நிஜமாவே குளிர்தான்."

மகன் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றி, திரும்பப் போட்டுக் காட்டினான். எனக்காக மெதுவாகச் செய்தான். ஒரே தடவையில் போட்டான்.